மாளிகை துறந்த மாமேதை டால்ஸ்டாய்

பேரிலக்கியங்கள் பிறந்த வடிவிலேயே நின்றுவிடுவதில்லை. ஏட்டில் இருந்த சிலம்பின் கதை கூத்தாயிற்று, மேடை நாடகமாயிற்று, 1942-இல் 'கண்ணகி' என்றும் 1964-இல் 'பூம்புகார்' என்றும் வெள்ளித்திரையும் ஏறிற்று. காலந்தோறும் புதிய ஆடை புனைந்து மக்கள்முன் வந்து நிற்பது காப்பியங்களின் இயல்பு. அவ்வாறு உலகெங்கும் மீண்டும் மீண்டும் புத்தாடை பெற்றவை ரஷ்ய நாட்டுப் பெருநாவல்கள். அவற்றுள்ளும் லியோ டால்ஸ்டாயின் 'போரும் அமைதியும்', 'அன்னா கரீனினா' ஆகிய இரண்டுக்கும் கிடைத்த திரைச் செல்வம் பெரிது. சரவிளக்குகள், பட்டாடைகள், நடன அரங்குகள், பனியில் விரையும் குதிரை வண்டிகள் எனப் பெரும்பொருள் செலவிட்டு அவற்றைத் தொலைக்காட்சித் தொடர்களாக ஆக்கியுள்ளனர்.

போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளுக்குக் கீழே வாழும் நம்மிடமும் இத்தொடர்கள் வந்துவிட்டன. வைகறையில் ஜீப்பில் ஏறி மலைமேல் உள்ள ஏலத்தோட்டங்களுக்குச் சென்று, மாலையில் களைத்து இறங்கும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கின்றனர். அவர்களுள் சிலர் டால்ஸ்டாயை முதலில் சந்திப்பது நூலகத்தில் அன்று, கைப்பேசித் திரையில்தான். அதனைக் குறையெனக் கூற நாம் முன்வரவில்லை. ஆயினும் அம்மாளிகைகளை மட்டுமே கண்டுவிட்டு, டால்ஸ்டாய் செல்வர்களின் எழுத்தாளர் என்று அவர்கள் முடிவு கட்டுவார்களாயின் அது பேரிழப்பாகும். ஏனெனில் அம்மாளிகையில் பிறந்து, அதனை எழுதி, பின் அதனைத் துறந்து வெளியேறியவர் அவர். அவர்தம் வரலாற்றை அறிந்தவர்க்கே அத்திரைக்காட்சிகளின் பொருளும் விளங்கும். அது கருதி அப்பெருமகனார் வாழ்வைச் சுருங்க நோக்குவோம்.

பிறப்பும் இளமையும்

மாஸ்கோவுக்குத் தெற்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில், தூலா மாநிலத்தில், யாஸ்னயா பொல்யானா என்னும் பண்ணையில் 1828 செப்டம்பர் 9-ஆம் நாள் லியோ டால்ஸ்டாய் பிறந்தார். தந்தையார் வழியிலும் தாயார் வழியிலும் உயர்குடிப் பிறப்பு. அப்பண்ணை தாயார் வழி வந்த சீதனம். தாய்வழிப் பாட்டனாராகிய வொல்கோன்ஸ்கி இளவரசரின் சாயலிலேயே பின்னாளில் 'போரும் அமைதியும்' நாவலின் முதிய பொல்கோன்ஸ்கி உருவானார் என்பர்.

செல்வம் இருந்தது, ஆனால் தாய்முகம் நினைவில் இல்லை. இரண்டு வயது நிரம்புமுன் தாயை இழந்தார். ஒன்பதாம் வயதில் தந்தையும் மறைந்தார். அத்தைமார் அரவணைப்பில் வளர்ந்த அவர், 1841-இல் உடன்பிறந்தாரோடு கசான் நகருக்குச் சென்றார். வோல்கா ஆற்றங்கரையிலுள்ள அந்நகர் தாத்தாரிய முஸ்லிம்களின் பழம்பெரும் நகரமாகும். 1844-இல் கசான் பல்கலைக்கழகத்தில் கீழ்த்திசை மொழிப் பிரிவில் சேர்ந்து அரபு மொழியும் துருக்கிய மொழியும் பயிலத் தொடங்கினார். தேர்வில் வெற்றி கிட்டாமையால் சட்டப் பிரிவுக்கு மாறி, அதனையும் முடிக்காமல் 1847-இல் ஊர் திரும்பினார். பட்டம் பெறாத அம்மாணவர்தாம் பிற்காலத்தில் உலகமே திரும்பிப் பார்க்கும் ஆசிரியராக விளங்கினார் என்பது எண்ணத்தக்கது.

ஊர் திரும்பிய இளைஞருக்கு நிலமும், அந்நிலத்தோடு கட்டுண்ட நூற்றுக்கணக்கான பண்ணையடிமைகளும் பங்காக வந்தனர். ரஷ்யாவில் அந்நாளில் குடியானவர்களை நிலத்தோடு சேர்த்தே உடைமையாகக் கருதினர். அவர்தம் வாழ்வைச் சீர்திருத்த அவர் முயன்றார், அம்முயற்சி பலிக்கவில்லை. பின்னர்ச் சூதிலும் கேளிக்கையிலும் சில ஆண்டுகள் கழிந்தன. சூதாட்டம் அவரை எந்த அளவுக்குப் பற்றியிருந்தது எனில், தாம் பிறந்த மாளிகையையே 1854-இல் விற்கும் நிலை நேர்ந்தது. வாங்கியவர் அக்கட்டடத்தைப் பெயர்த்தெடுத்து வேற்றூருக்குக் கொண்டு சென்றார். கிடைத்த பணமும் சீட்டாட்டத்தில் கரைந்தது. மாளிகை இருந்த இடம் வெற்றிடமாயிற்று. எஞ்சிய பக்கக் கட்டடம் ஒன்றிலேயே அவர் பின்னாளில் வாழ்ந்தார். மாளிகைகளை எழுத்தில் எழுப்பிய கை, தன் சொந்த மாளிகையை இழந்த கை என்பதை நாம் மறத்தலாகாது.

மலைநாட்டில் பெற்ற பாடம்

1851-இல் அண்ணன் நிக்கொலாய் பணிபுரிந்த காக்கேசிய மலைநாட்டுக்குச் சென்று படையில் சேர்ந்தார். அம்மலைகளில் வாழ்ந்த செச்சென், அவார் முதலிய முஸ்லிம் இனத்தார் இமாம் ஷாமில் தலைமையில் ரஷ்யப் பேரரசை எதிர்த்து நின்ற காலம் அது. மலையடிவாரத்தில் வாழும் நமக்கு மலைமக்களின் இயல்பு ஓரளவு தெரியும். ஏறுவதற்கு அரிய சரிவு, இறங்குவதற்கு அரிய தன்மானம் என அவர்தம் வாழ்வு அமையும். சமவெளிச் செல்வத்தில் வளர்ந்த டால்ஸ்டாய்க்கு அம்மக்கள் புதிய உலகமாகத் தோன்றினர்.

அங்கே சாதோ என்னும் செச்சென் இளைஞர் அவருக்கு உற்ற நண்பரானார். சூதில் தோற்றுக் கடன் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு டால்ஸ்டாய் கலங்கி நின்றபோது, அந்தச் சாதோ கடன் கொடுத்தவரோடு தாமே ஆடி வென்று, அப்பத்திரத்தை மீட்டு நண்பரிடம் சேர்ப்பித்தார். பகைநாட்டுப் படைவீரன் என்று பாராது செய்த அவ்வுதவியை டால்ஸ்டாய் மறக்கவில்லை. அரை நூற்றாண்டு கழித்து அவர் எழுதிய நூலில் சாதோ என்னும் பெயர் மீண்டும் வருவதைப் பின்னர்க் காண்போம்.

1852-இல் 'குழந்தைப் பருவம்' என்னும் அவரது முதல் நூல் இதழில் வெளிவந்து புகழ் தேடித் தந்தது. 1854-இலும் 1855-இலும் கிரிமியப் போரில் செவஸ்தபோல் முற்றுகையில் பங்கு கொண்டார். குண்டுமழையிடையே எழுதிய 'செவஸ்தபோல் கதைகள்' போரின் பொலிவை நீக்கிப் புண்ணையும் குருதியையும் காட்டின. போரைத் தொலைவில் நின்று பாடும் புலவர் பலருண்டு. அகழியில் நின்று எழுதியவர் அவர்.

போரும் அமைதியும்

படையிலிருந்து விலகிய டால்ஸ்டாய் ஐரோப்பாவைச் சுற்றிவந்தார். 1857-இல் பாரிஸ் நகரில் ஒருவன் தலை துண்டிக்கப்படுவதைக் கண்டு மனம் நொந்தார். 1859-இல் தம் ஊரில் குடியானவர் பிள்ளைகளுக்குப் பள்ளி நிறுவினார். 1862-இல் 18 வயது நிரம்பிய சோபியாவை மணந்தார். அப்போது அவருக்கு வயது 34. அவ்விணையருக்கு 13 மக்கள் பிறந்தனர். ஐவர் குழந்தைப் பருவத்திலேயே மறைந்தனர்.

1863-இல் தொடங்கி 1869-இல் முடிவுற்றது 'போரும் அமைதியும்'. நெப்போலியன் 1812-இல் ரஷ்யாமீது படையெடுத்த வரலாற்றை நடுவில் வைத்து, ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட பாத்திரங்களோடு நெய்த பெருங்காப்பியம் அது. போரோதினோ போர்க்களத்தை 1867-இல் நேரிற் சென்று பார்த்து எழுதினார். அடித்தலும் திருத்தலுமாக அவர் தந்த கையெழுத்துப் படிகளை இரவெல்லாம் விழித்துப் பலமுறை நகலெடுத்தவர் சோபியா அம்மையார். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே நூலுக்கும் தாயாக இருந்தவர் அவர் எனலாம். தமிழில் இந்நாவலை 'போரும் வாழ்வும்' எனப் பெயர்த்த டி.எஸ்.சொக்கலிங்கம் அவர்களின் உழைப்பும் ஈண்டு நன்றியுடன் நினைக்கத்தக்கது.

இந்நாவல் திரைக்கு வந்த வரலாறு தனிக்காப்பியம். 1956-இல் அமெரிக்கர் இதனைப் படமாக்கினர். அதற்கு விடைகூறுவதுபோல் சோவியத் நாட்டின் செர்கேய் பொந்தர்ச்சுக் நான்கு பாகங்களாக, ஏறத்தாழ ஏழு மணிநேரம் ஓடும் படத்தை உருவாக்கினார். 1966-இலும் 1967-இலும் அது வெளியாயிற்று. போர்க்களக் காட்சிகளில் நடிக்கச் செம்படை வீரர்கள் ஆயிரக்கணக்கில் வந்தனர். அருங்காட்சியகங்கள் தத்தம் பழம்பொருள்களை வழங்கின. சிறந்த அயல்மொழிப் படத்துக்கான ஆஸ்கர் விருதும் அதற்குக் கிடைத்தது. 1972-இல் இங்கிலாந்தின் பி.பி.சி. நிறுவனம் இந்நாவலை 20 பகுதிகளில் தொலைக்காட்சித் தொடராக ஒளிபரப்பத் தொடங்கியது. பியேர் வேடத்தில் ஆண்டனி ஹாப்கின்ஸ் நடித்தார்; போர்க்களக் காட்சிகளை யூகோஸ்லாவியாவில் எடுத்தனர். அதே நிறுவனம் 2016-இல் ஆறு பகுதிகளாக மீண்டும் ஒரு தொடரை அளித்தது. 20 பகுதி எங்கே, 6 பகுதி எங்கே! சுருங்கச் சுருங்க எது எஞ்சும், எது உதிரும் என்பதே இவ்விடத்து எழும் வினா. பெரும்பாலும் எஞ்சுவது காதலும் நடனமும் போரும். உதிர்வது நாவலாசிரியர் வரலாற்றைப் பற்றி இயற்றிய நீண்ட ஆராய்ச்சி.

இங்ஙனம் கூறுவதால் காட்சிப் பொலிவு வேண்டுவதில்லை என்பது கருத்தன்று. நதாஷா முதன்முதலாக நடன விருந்துக்குச் செல்லும் இரவை டால்ஸ்டாயே எத்துணை விரும்பி எழுதியுள்ளார்! ஆடையின் நிறமும் விளக்கின் ஒளியும் கூட அங்கே தவறவில்லை. ஆனால் அதே நதாஷா பின்னர் என் செய்தாள்? பகைவர் நெருங்கி வர மாஸ்கோ நகரமே காலியாகின்றது. ரொஸ்தோவ் குடும்பத்தின் விலைமிகுந்த கம்பளங்களும் பீங்கான்களும் வெண்கலப் பொருள்களும் வண்டிகளில் ஏற்றப்பட்டு நிற்கின்றன. முற்றத்திலோ காயமுற்ற வீரர்கள் ஊர்தியின்றிக் கிடக்கின்றனர். அப்பெண் சினந்து எழுந்து, பொருள்களை இறக்கிவிட்டுப் புண்பட்டோரை ஏற்றச் செய்கிறாள். நாவலின் உயிர்நிலை இதுவே. அப்பொருள்களை இறக்கும் நேரத்தில் அவற்றின் அருமை நமக்குத் தெரிய வேண்டுமாயின், முன்னரே அவை அழகுறக் காட்டப்பட்டிருத்தல் வேண்டும். திரையின் ஆடம்பரத்திற்கு நியாயம் உண்டெனில் அது இவ்வொரு காட்சியால் விளைவதே. இறக்கி வைப்பதற்காகவே ஏற்றப்பட்ட செல்வம் அது.

அன்னாவும் லெவினும்

1872-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், யாஸ்னயா பொல்யானாவை அடுத்த இருப்புப்பாதையில் இளம்பெண் ஒருத்தி தன்னுயிரை மாய்த்துக்கொண்டாள். அவ்வுடலை நேரிற் கண்ட டால்ஸ்டாயின் உள்ளத்தில் விழுந்த வித்து, 'அன்னா கரீனினா'வாக வளர்ந்தது. 1873-இல் எழுதத் தொடங்கிய அந்நாவல் 1875 முதல் 1877 வரை இதழில் தொடராக வந்தது. இறுதிப் பகுதியில் போர் வெறியைக் கண்டிக்கும் கருத்துகள் இருந்தமையால் இதழாசிரியர் அதனை வெளியிட மறுத்தார். டால்ஸ்டாய் பணியவில்லை, அப்பகுதியைத் தனிநூலாகவே வெளியிட்டார்.

இந்நாவலில் இரண்டு கதைகள் இணையாகச் செல்கின்றன. ஒன்று, உயர்குலத்து அன்னா மணவாழ்வை விட்டு விரான்ஸ்கியிடம் சென்று அழிவெய்தும் கதை. மற்றொன்று, நாட்டுப்புறப் பண்ணையாளனாகிய லெவின் வாழ்வின் பொருளைத் தேடும் கதை. குடியானவர்களோடு ஒருவனாய் நின்று லெவின் புல்லரியும் பகுதியைப் படிப்போர், உழைப்பின் களிப்பை இதனினும் சிறப்பாக எவரும் எழுதியதில்லை என்றே உணர்வர். ஏலச்செடியின் அடியில் குனிந்து முதிர்ந்த காய்களை மட்டும் தேர்ந்து கொய்யும் நம் பெண்மக்களின் கைவேகத்தை அறிந்தவர்க்கு, அரிவாள் வீச்சில் லெவின் தன்னை மறக்கும் அந்நிலை எளிதில் புலனாகும்.

ஆயினும் பெரும்பாலான திரைவடிவங்களில் லெவின் சுருங்கி ஓரத்தில் ஒதுங்கிவிடுகிறான். ஆடம்பரத்துக்கு அவன் இடந்தாரான் அல்லவா? 1927-இல் கிரெட்டா கார்போ நடித்த அமெரிக்கப் பேசாப்படத்துக்கு இரண்டு முடிவுகள் தயாராயின. ஒன்றில் அன்னா மாய்வாள். மற்றொன்றில் கணவன் இறந்துபட, காதலரிருவரும் இனிதே கூடுவர். விரும்பிய முடிவைத் திரையரங்கத்தார் தெரிந்துகொள்ளலாம் என்று விடுத்தனர். துயரக் கதைக்கு மங்கலம் பாடி முடிக்கும் வழக்கம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று போலும். 1935-இல் அதே நடிகை மீண்டும் அன்னாவாகத் தோன்றினார். 1977-இல் பி.பி.சி. பத்துப் பகுதிகளில் தொடராக்கியது. 2017-இல் ரஷ்யாவின் கரேன் ஷக்னசாரொவ் எட்டுப் பகுதிகளில், விரான்ஸ்கியின் நினைவுகளாகக் கதையை மாற்றியமைத்தார்.

நம் தமிழும் இதில் பின்தங்கவில்லை. 1953-இல் வெளிவந்த 'பணக்காரி' என்னும் தமிழ்ப்படம் 'அன்னா கரீனினா'வைத் தழுவியது. டி.ஆர்.ராஜகுமாரி, வி.நாகையா, எம்.ஜி.இராமச்சந்திரன் ஆகியோர் அதில் நடித்தனர். பணக்காரி என்னும் அத்தலைப்பு நம் சிந்தனைக்கு உரியது. டால்ஸ்டாயின் நாயகியைத் தமிழர்முன் நிறுத்துகையில் அவளது செல்வநிலையே பெயராக முன்னின்றது. தொலைக்காட்சியிலும் இந்தியர் ரஷ்ய நாவலைத் தொட்டதுண்டு. இயக்குநர் மணி கௌல், தஸ்தயேவ்ஸ்கியின் 'அசடன்' நாவலை மும்பை வாழ்வுக்கு மாற்றி, 1990-களின் தொடக்கத்தில் தூர்தர்ஷனுக்காக நான்கு பகுதிகளில் உருவாக்கினார். பழங்கால ஆடையும் மாளிகையும் இன்றியே ரஷ்ய நாவலைச் சின்னத்திரைக்குக் கொணரலாம் என்பதற்கு அது சான்று.

வாழ்வின் திருப்பம்

ஐம்பதை அணுகிய டால்ஸ்டாயிடம் புகழ், நிலம், குடும்பம் யாவும் நிறைந்திருந்தன. ஆனால் இவையெல்லாம் எதற்கு என்னும் வினா அவரை வாட்டியது. 'என் வாக்குமூலம்' என்னும் நூலில் அந்த உளப்போராட்டத்தை ஒளிவின்றி எழுதினார். 1882-இல் மாஸ்கோ மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாமே முன்வந்து பங்கேற்றபோது, நகரத்து வறியோர் குடியிருப்புகளை நேரிற் கண்டார். ஒருபுறம் மாளிகைகளில் விளக்கொளி. மறுபுறம் பட்டினியும் குளிரும். இரண்டுக்கும் இடையே உள்ள தொடர்பை ஆராய்ந்து அவர் எழுதிய நூல் தமிழில் 'இனி நாம் செய்ய வேண்டுவது யாது?' என்னும் பெயரில் சக்தி காரியாலய வெளியீடாக வந்தது. செல்வன் ஏழைக்கு வழங்கும் கொடை போதாது. ஏழையின் முதுகிலிருந்து செல்வன் இறங்க வேண்டும் என்பதே அந்நூலின் சாரம்.

பிறருக்கு உரைத்ததோடு அவர் அமையவில்லை. ஏர் பிடித்து உழுதார். செருப்புத் தைக்கக் கற்றார். புலாலும் மதுவும் புகையும் விட்டார். குடியானவர் சட்டையை உடுத்தார். 1891-இல் பஞ்சம் வந்தபோது ரியாசான் மாநிலத்துச் சிற்றூர்களில் தங்கிக் கஞ்சித் தொட்டிகளை நிறுவினார். ஆயிரக்கணக்கானோர் அங்கே பசியாறினர். சோபியா அம்மையார் நாளேட்டில் விடுத்த வேண்டுகோளால் நன்கொடைகள் குவிந்தன. அதே 1891-இல், 1881-க்குப் பின் தாம் எழுதிய நூல்களை எவரும் விலையின்றி அச்சிடலாம் என அறிவித்து அவற்றின் பதிப்புரிமையை விட்டுக்கொடுத்தார். 1899-இல் வெளிவந்த 'புத்துயிர்ப்பு' நாவலின் வருவாயை, போர்த்தொழில் புரிய மறுத்ததால் துன்புறுத்தப்பட்ட துக்கொபோர் மக்கள் கனடாவில் குடியேறுவதற்கு வழங்கினார். 1901-இல் ரஷ்யத் திருச்சபை அவரை விலக்கி வைத்தது. அவரோ தம் கருத்தினின்றும் விலகவில்லை.

இம்மாற்றம் இல்லத்தில் புயலை எழுப்பியது. பெருங்குடும்பத்தைக் காக்கும் பொறுப்பு மனைவியின் தோளில் இருந்தது. துறக்க விழைந்தவரின் பக்கம் அறம் இருந்தது போலவே, குழந்தைகளின் எதிர்காலத்தை எண்ணியவரின் பக்கமும் நியாயம் இருந்தது. ஒருவரை உயர்த்த மற்றவரைத் தாழ்த்துவது வரலாற்றுக்கு அழகன்று.

குறளும் பண்ணையும்

1908-இல், இந்திய விடுதலை வேட்கை கொண்டிருந்த தாரகநாத் தாஸ் என்பாருக்கு டால்ஸ்டாய் நீண்ட மடல் ஒன்றை எழுதினார். 'ஓர் இந்துவுக்குக் கடிதம்' எனப்படும் அம்மடலில், இன்னா செய்யாமையை வலியுறுத்தும் திருக்குறள் கருத்துகளை அவர் எடுத்தாண்டுள்ளார். வள்ளுவர் வாய்மொழி ரஷ்யப் பனிநிலத்தை அடைந்து, அங்கிருந்து தென்னாப்பிரிக்காவில் இருந்த காந்தியடிகளின் கைக்கு வந்தது. காந்தியடிகள் அம்மடலைக் குசராத்தியில் பெயர்த்து வெளியிட்டார். இருவரிடையே மடல் போக்குவரத்தும் நிகழ்ந்தது.

1910-இல் ஜோகன்னஸ்பர்க் நகரையடுத்து, நண்பர் காலன்பாக் அளித்த நிலத்தில் காந்தியடிகள் நிறுவிய குடியிருப்புக்கு டால்ஸ்டாய் பண்ணை என்றே பெயர் சூட்டினார். சிறைசென்ற அறப்போராளிகளின் குடும்பங்கள் அங்கே வாழ்ந்தன. தமிழரும் குசராத்தியரும், இந்துக்களும் முஸ்லிம்களும் கிறித்தவரும் பார்சிகளும் ஒருகூரையின்கீழ் உண்டு உழைத்தனர். ரமலான் திங்களில் முஸ்லிம் சிறுவர்கள் நோன்பு நோற்றபோது, பிற சமயச் சிறுவர்களும் உடனிருந்து உண்ணாநோன்பு காத்தனர் எனக் காந்தியடிகள் தம் நூலில் பதிவு செய்துள்ளார். டால்ஸ்டாய் கண்ணாற் காணாத அப்பண்ணையே அவர் எண்ணத்துக்கு வாய்த்த சிறந்த வடிவம் எனலாம். அதற்கு அரங்க அமைப்பும் பட்டாடையும் தேவைப்படவில்லை.

ஹாஜி முராத்

எகிப்து நாட்டு முஃப்தியாக விளங்கிய பேரறிஞர் முஹம்மது அப்துஹூ 1904-இல் டால்ஸ்டாய்க்கு மடல் எழுதினார். டால்ஸ்டாயும் மதிப்புடன் மறுமொழி விடுத்தார். அந்த 1904-ஆம் ஆண்டு வரையில் அவர் எழுதித் திருத்திக்கொண்டிருந்த குறுநாவல் 'ஹாஜி முராத்'. 1896-இல் தொடங்கிய அந்நூல் அவர் மறைவுக்குப் பின்னர் 1912-இலேயே வெளிவந்தது.

இமாம் ஷாமிலின் படைத்தலைவர்களுள் ஒருவராயிருந்து, அவரோடு முரண்பட்டு 1851-இல் ரஷ்யர் பக்கம் வந்து, குடும்பத்தை மீட்க இயலாமல் தவித்து, 1852-இல் போரிட்டு மாண்ட அவார் வீரரே ஹாஜி முராத். அதிகாரிகளின் மாளிகை விருந்துகளிடையேயும் வேளை தவறாது தொழும் அவ்வீரரை டால்ஸ்டாய் மிகுந்த மதிப்போடு தீட்டியுள்ளார். அவருக்கு முதலில் புகலிடம் அளிக்கும் மலைக்கிராமத்தார் பெயர் சாதோ. பழைய நட்பின் கடனை எழுத்தாளர் இவ்வாறு செலுத்தினார் போலும். பின்னர் ரஷ்யப் படை அவ்வூரை அழிக்கிறது. சாதோவின் வீடு சிதைகிறது, மகன் கொல்லப்படுகிறான், ஊற்றும் பள்ளிவாசலும் மாசுபடுத்தப்படுகின்றன. தம் நாட்டுப் படை செய்த தீங்கைத் தம் மக்களுக்கே எடுத்துரைத்த துணிவு அது. எழுதியவரும் அப்படையில் ஒருகாலத்தில் நின்றவர் என்பதை எண்ணுங்கால் அதன் அருமை புலனாகும்.

திரையுலகம் இந்நூலை எவ்வாறு கையாண்டது? 1959-இல் இத்தாலியர் இதனைப் படமாக்கினர். உடற்கட்டுக்குப் பெயர்பெற்ற ஸ்டீவ் ரீவ்ஸ் ஹாஜி முராத்தாகத் தோன்ற, கதை வாள்வீச்சுச் சாகசமாயிற்று. அன்னாவுக்கும் நதாஷாவுக்கும் கிடைத்த அளவு பெருந்தொடர்கள் இம்மலைவீரருக்குக் கிட்டவில்லை. எரிந்த குடிசையின்முன் நின்று அழும் தாயைக் காட்டப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. பெரிய நெஞ்சம் வேண்டும்.

இறுதிப் பயணம்

1908-இல் எண்பதாம் பிறந்தநாளின்போது அசையும் படக்கருவி டால்ஸ்டாயைத் தேடி அவர் இல்லத்துக்கே வந்தது. இரண்டாண்டுகள் கழித்து, 1910 நவம்பரில் ஒருநாள் விடியுமுன் இருளில் மருத்துவர் ஒருவர் துணையோடு அவர் வீட்டைவிட்டு வெளியேறினார். இருப்பூர்தியின் எளிய வகுப்பில் பயணம் செய்தபோது காய்ச்சல் கண்டது. அஸ்தபோவோ என்னும் சிறிய நிலையத்தில் இறங்கி நிலைய அதிகாரியின் வீட்டில் படுத்தார். செய்தியாளரும் படப்பிடிப்பாளரும் அவ்வூரில் குவிந்தனர். விரைந்து வந்த சோபியா அம்மையார், கணவர் நினைவிழக்கும் வரையில் உள்ளே அனுமதிக்கப்படவில்லை. நவம்பர் 20-ஆம் நாள் அவர் உயிர் பிரிந்தது. இருப்புப்பாதை ஓரத்தில் பிறந்த அன்னாவின் ஆசிரியர் இருப்புப்பாதை ஓரத்திலேயே மறைந்தார்.

இரண்டே ஆண்டுகளில், 1912-இல், அவரது இறுதி நாட்கள் ரஷ்யாவில் படமாக்கப்பட்டன. குடும்பத்தார் எதிர்த்தமையால் அந்நாட்டில் அது திரையிடப்படவில்லை.

யாஸ்னயா பொல்யானாவின் காட்டில், மரங்களுக்கிடையே அவர் அடக்கம் செய்யப்பட்டார். சிறுவயதில் அண்ணன் நிக்கொலாய், மாந்தர் அனைவரும் துன்பம் நீங்கி வாழும் வழியைப் பொறித்த பசுங்கோல் ஒன்று அங்கே புதைந்துள்ளது என்று கதை கூறியிருந்தார். அவ்விடத்தையே டால்ஸ்டாய் தமக்கெனக் கேட்டிருந்தார். அங்கே பளிங்கு மண்டபம் இல்லை, பெயர்ப்பலகை இல்லை. புல் மூடிய மண்மேடு மட்டுமே உள்ளது. உலகின் மிக ஆடம்பரமான திரைத்தொடர்களுக்குக் கதை தந்தவரின் நினைவிடம் அத்துணை எளிமையானது.

நாம் கொள்ள வேண்டுவது

நம் வட்டாரத்திலும் பழம்பெருமை பேசும் கட்டடங்கள் உண்டு. போடி ஜமீன் அரண்மனையின் சுவரோவியங்கள் காண்போரைக் கவர்வன. போடிமெட்டுக்கு அப்பால் பூப்பாறை, சாந்தன்பாறை வரை விரியும் தோட்டங்களில் பழைய பங்களாக்களும் நிற்கின்றன. நாளை ஒருவர் இம்மலைகளின் கதையைப் பழங்காலத் தொடராக எடுக்க முன்வரின், படக்கருவி முதலில் எங்கே திரும்பும்? அரண்மனை வாயிலுக்கும் பங்களா முற்றத்துக்குமே திரும்பும். அது திரையின் இயல்பு. ஆனால் அம்மலைப்பாதையில் சுமை தூக்கி ஏறியவர் யார், அட்டைக்கடியும் மழையும் தாங்கிக் காய் பறித்தவர் யார், போடியில் ஏலக்காய் விலைபேசப்படும்போது அவர்தம் பங்கு எவ்வளவு என்னும் வினாக்களை எழுப்புபவரே டால்ஸ்டாயின் வழிவந்தவராவார். அவ்வெழுத்தாளர் நம் மாணவருள் ஒருவராக இருத்தல் கூடும் என்பதே நம் நம்பிக்கை.

ஆகவே திரைத்தொடர்களைப் பாருங்கள் என்றே மாணவர்க்குக் கூறுவோம். பார்த்தபின் நூலகத்துக்கு வாருங்கள் என்றும் கூறுவோம். சொக்கலிங்கம் தந்த 'போரும் வாழ்வும்', நா.தர்மராஜன் தந்த 'அன்னா கரீனினா', ரா.கிருஷ்ணையா தந்த 'புத்துயிர்ப்பு' ஆகியவை நம் மொழியில் உள்ளன. திரை சுருக்கியதை அவை விரித்துக் காட்டும். திரை விட்டுச்சென்ற லெவினை அவற்றில் சந்திக்கலாம். ஆசிரியப் பெருமக்கள் ஒரு தொடரின் ஒரு பகுதியையும் நாவலின் அதே பகுதியையும் ஒருசேர வகுப்பில் வைத்து ஒப்பிடச் செய்வார்களாயின், அஃது இலக்கியத் திறனாய்வுக்கு நல்ல பயிற்சியாகவும் அமையும். ஊர்ப் பெரியோர் நூலகங்களுக்கு இத்தகு மொழிபெயர்ப்புகளை வாங்கி வழங்குவார்களாயின், அது தலைமுறைக்கும் நிற்கும் கொடையாகும்.

செல்வத்தை அழகுறக் காட்டுவது கலை. அச்செல்வத்தை வண்டியிலிருந்து இறக்கிவிட்டுப் புண்பட்டவனுக்கு இடம் தருவது அறம். டால்ஸ்டாய் இவ்விரண்டையும் எழுதினார். இரண்டாவதை வாழ்ந்தும் காட்ட முயன்றார். அவர் நூல்களைத் திரையில் காணும்போதெல்லாம், வண்டியிலிருந்து பொருள்கள் இறங்கும் அந்தக் காட்சிக்காகக் காத்திருப்போமாக.